ஸ்பாஞ்சுக்கு ஞானத்தாய்

எங்கள் சங்கத்தில் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார்கள். ஒப்படைப்பார்கள். கொடுப்பதற்கு ஒரு கை போதும். ஒப்படைப்பதற்கு மேடை, மைக், மாலை, தலையில் தூவ வண்ணக் காகிதத் துணுக்கு, பூமித்தாய் பச்சமாமாவுக்கு ஊற்ற ஒரு குடம் சிச்சா என்கிற சோளக்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேண்டு கோஷ்டி வேண்டும். அந்தக் கோஷ்டியில் டூபா ஊதுகிறவன் நான். மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேலே வாயைப் பிளந்து நிற்குமே, அந்தப் பித்தளை வாத்தியம். அதற்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான்: பூம். எனக்கும் இந்த வயது வரை அதற்கு மேல் பேசத் தேவை வந்ததில்லை.

எங்கள் ஊர் மோயே பம்பாவின் ராக்கெட்பால் சங்கக் கழிவறைக்கு ஒரு பல்பு ஒப்படைக்கப்பட்ட அன்று நான் ஊதியிருக்கிறேன். அந்தப் பல்பு ப்யூஸ் போய்விட்டது என்று முறைப்படி அறிவித்த விழாவுக்கும் ஊதினேன். இரண்டுக்கும் நடுவில் அது எரிந்ததைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. பேச்சாளர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கினால் ஜனங்கள் கை தட்ட வேண்டும். தட்டி ஓய்ந்தால் நாங்கள் ‘தியானா’ வாசிக்க வேண்டும். டிரம்பெட்டும் முரசும் டூபாவும் சேர்ந்து கொஞ்ச நேரம் போடும் கூச்சலுக்கு அப்படிப் பெயர். வெறும் கைதட்டலுக்கு முலாம் பூசுகிற வேலை.

என் மகள் யாமிலே அதே சங்கத்தில் ஆடுகிறவள். ராக்கெட்பால் என்பது நாலு சுவருக்குள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு ராக்கெட் மட்டையையும் ஒரு ரப்பர் பந்தையும் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிற ஆட்டம். பந்து எங்கள் பள்ளத்தாக்கில் ஓடுகிற எந்த வண்டியையும் விட வேகமாகப் போகும். வண்டியாவது ஹாரன் அடிக்கும். போன வருஷம் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பிய பந்து ஒன்று அவள் இடது கண்ணில் வந்து உட்கார்ந்தது. இப்போது அந்தக் கண்ணுக்கு விளக்கு எரிகிறதா அணைந்ததா என்பது மட்டும் தெரியும். எங்கள் கழிவறைப் பல்பு விஷயத்தில் அந்தத் தகவலும் வீண்தான்.

பக்கத்து நகரமான கொச்சபம்பாவில் இருக்கும் கண் மருத்துவர் வலது கண்ணை வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆடலாம். ஆனா சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடக்கூடாது. அடி பட்டா அந்த விளிம்பே எலும்புக்குள்ள எறங்கிடும். சுத்தியும் ஸ்பாஞ்சு மெத்தை வெச்ச கண்ணாடி இருக்கு, அடியை அது வாங்கிக்கும். அது இல்லாம களத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. இவளுக்கு இன்னொரு கண்ணு ஸ்டாக்ல இல்ல பாருங்க.”

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எர்மினியா அடுப்படியிலிருந்தபடியே ஆரம்பித்தாள்.

“ஆடவே வேணாம்னு சொல்லுங்களேன்.”

“நீ சொல்லு.”

“நான் சொன்னா கேக்க மாட்டா.”

“நான் சொன்னா மட்டும்?”

“நீங்க என்னைக்கு எதைச் சொல்லியிருக்கீங்க? பூம்னு ஊதுவீங்க.”

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. யாமிலேக்குப் பதினெட்டு முடியப் போகிறது. இளையோர் தேசிய அணிக்கு அந்த வருஷத் தேர்வு ஆட்டம்தான் அவளுக்குக் கடைசி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கண்ணைக் கட்டிப் படுத்திருந்தபோதும் ஒற்றைக் கையால் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தவள். அடுத்த கட்டிலில் இருந்தவர் புகார் கொடுக்கும் வரை அடித்தாள்.

இந்த நிலைமையில்தான் வெளிநாட்டு விளையாட்டு அமைப்பு ஒன்று எங்கள் சங்கத்துக்கு ஒரு பெட்டி நிறைய ஸ்பாஞ்சு வைத்த பாதுகாப்புக் கண்ணாடிகளை இலவசமாக அனுப்பியது. செய்தி கேட்டதும் ஓடினேன். கண்ணாடிகள் சங்க அலுவலகத்தில், கோப்பைகள் வைக்கும் அலமாரிக்குள், பூட்டுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. சங்கத் தலைவர் டாக்டர் ரொக்கபாதோ வக்கீல். எங்கள் ஊரில் வக்கீலும் டாக்டர்தான். டை கட்டினவனை டாக்டர் என்று கூப்பிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

“என்ன டூபா, என்ன விஷயம்?” என்றார். பதினாறு வருஷமாக அவர் விழாக்களுக்கு ஊதுகிறேன். என் பெயர் கலிஸ்தோ என்பது அவர் காதுக்கு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை.

“டாக்டர், அதுல ஒண்ணு என் பொண்ணுக்குக் கொடுத்தா, இப்பவே போட்டுப் பழகிக்குவா. ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

“அது பாதுகாப்புக் கண்ணாடி, டூபா.”

“ஆமாங்க டாக்டர்.”

“அப்ப பாதுகாக்க வேண்டாமா? அதான் பூட்டி வெச்சிருக்கு. முறையா ஒப்படைக்காம ஒருத்தர் மூஞ்சில மாட்டினா அது கண்ணாடியே இல்ல. வெறும் பிளாஸ்டிக்கு.”

“கடையில வாங்கிப் போட்டா?”

“சங்க முத்திரை இல்லாத கண்ணாடியோட களத்துல எறங்க முடியாது. அந்த விதியை நானே எழுதினேன். அவ்வளவு அக்கறை எனக்கு உங்க புள்ளைங்க மேல.”

நான் நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

ஒப்படைப்பதற்கு முதலில் ஞானத்தந்தைகள் வேண்டும். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மட்டும் இல்லை, கேக்குக்கும் பந்துக்கும் கோப்பைக்கும், சங்கத்தின் நாற்காலிக்கும் கூட ஞானத்தந்தை உண்டு. பொருளுக்கு மரியாதை, அவருக்கு மாலை. கண்ணாடிக்கு ஒருவர் போதும் என்று நினைத்தேன். நிர்வாகக் குழு கண்ணாடியைப் பாகம் பாகமாகப் பிரித்தது. லென்சுக்கு ஞானத்தந்தை, ஊரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாருக்கு ஞானத்தந்தை, செருப்புக் கடைக்காரர். திருகாணிகளுக்கு ஒருவரைத் தேடிப் போனார்கள். கண்ணாடியில் திருகாணியே இல்லை என்று தெரிந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டதால் அவரையும் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்பாஞ்சுக்கு ஞானத்தாய், மெத்தைக் கடை வைத்திருக்கும் தோன்யா கசில்தா. தோன்யா என்றால் அம்மணி.

அந்த அம்மாள் மற்றவர்களைப் போல மாலையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. அலுவலகத்துக்கு வந்து அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஒரு கண்ணாடியை எடுத்து, உள் விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எர்மினியா அலுவலக வாசலில்தான் சோற்றின் மேல் தட்டையான இறைச்சியும் பொரித்த முட்டையும் வைக்கிற சில்பாஞ்சோ விற்கிறாள், ஒரு தட்டு கொடுக்கப் போனவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.

“இதுக்கா நான் ஞானத்தாய்? நாளைக்கு ஊர் என்ன பேசும்? கசில்தா மெத்தை இவ்ளோதான் தடிமன்னு நெனைக்காது? என் கடைல நாய்க்குட்டிக்கு விக்கிற மெத்தை கூட இதைவிடக் கனமா இருக்கும்.”

“அது வெளிநாட்டுலயே அளவெடுத்து வெச்சது, தோன்யா,” என்று செயலாளர் சொல்லிப் பார்த்தாராம்.

“வெளிநாட்டுக்காரனுக்குத் தூக்கம் வராது. அவன் மெத்தையைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?”

பெட்டியோடு கண்ணாடிகள் அவர் கடைக்குப் போயின. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பழைய ஸ்பாஞ்சு எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக இரட்டைக் கட்டில் மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சு, நாலு விரல் கனத்துக்கு, பூப்போட்ட துணியில் உறை போட்டு, பசை வைத்து ஒட்டியிருந்தது. கண்ணாடியை மாட்டினால் லென்சு முகத்துக்கு வெகு தூரம் முன்னால், லாரி விளக்கு மாதிரி போய் நின்றது. பழைய ஸ்பாஞ்சை வாங்கி நாமே திரும்ப ஒட்டிவிடலாம் என்று கடைக்குப் போனேன். அதன் மேல் கடைப் பூனை குட்டி போட்டிருந்தது. தாய்ப்பூனை என்னைப் பார்த்த பார்வையில் நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

விழாவைத் தேர்வு ஆட்டத்தன்று காலையிலேயே வைத்தார்கள். ஒரே பந்தல், ஒரே பேண்டு, செலவு மிச்சம். நிர்வாகிகள் எல்லாரும் மேடையில் ஆளுக்கொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால், வெயிலில், ஆடப் போகிற பிள்ளைகள் நின்றார்கள். புகைப்படக்காரர் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அவர்களை இன்னும் தள்ளினால் சோளக்காட்டுக்குள் போயிருப்பார்கள்.

டாக்டர் ரொக்கபாதோ மைக்கைப் பிடித்தார். கண்ணாடி போட்டிருந்ததால் முதலில் பூச்செண்டைப் பிடித்துவிட்டு அப்புறம் மைக்கைப் பிடித்தார்.

“சகோதர சகோதரிகளே. வெளிநாட்டுக்காரன் நமக்கு வெறும் கண்ணாடியை அனுப்பினான். அதை நாங்க ஒரு திட்டமா மாத்தினோம். திட்டத்தைக் குழுவா மாத்தினோம். குழுவை விழாவா மாத்தினோம். இனிமே மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லங்கற நெலமைக்குக் கொண்டு வந்திருக்கோம்.”

கைதட்டல். தியானா.

“இந்த ஸ்பாஞ்சு எப்பேர்ப்பட்ட அடியையும் உறிஞ்சிக்கும். இதைப் பாக்கறப்ப எனக்கு என் ஞாபகம்தான் வருது. இந்த நாற்காலில உக்காந்த நாள்லேர்ந்து எத்தனை மனு, எத்தனை புகார், எத்தனை தாய்மார் கண்ணீர். எல்லாத்தையும் உறிஞ்சிக்கிட்டேன். ஒண்ணாவது வெளிய வந்துருக்கா? சொல்லுங்க.”

கைதட்டல். தியானா.

“பாதுகாப்புன்னா என்ன? சில பேர் கண்ணைப் பாதுகாக்கறதும்பாங்க. அது குறுகின பார்வை. ஒரு கண்ணு போனா ஒரு ஆளுக்கு நஷ்டம். ஒரு சங்கத்தோட பேர் போனா எத்தனை பேருக்கு நஷ்டம்?”

இதற்கும் தியானா. நான் ஊதினேன். ஊதாவிட்டால் பேண்டு மாஸ்டர் பெர்மின் குச்சியால் முட்டியில் தட்டுவார்.

அப்புறம் பச்சமாமாவுக்கு. புதுப் பொருளுக்குச் சிச்சா ஊற்றாமல் தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். பஸ் வாங்கினால் டயரில் ஊற்றுவோம், வீடு கட்டினால் மூலையில் ஊற்றுவோம். பஸ்ஸும் வீடும் குடிக்காது. ஸ்பாஞ்சு குடிக்கும் என்பது எங்கள் முன்னோர்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஞானத்தாய் தோன்யா கசில்தா கைதாராளம் உள்ளவர். சுரைக்குடுவையில் மொண்டு மொண்டு ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஊற்றினார். மெத்தை மக்காச்சோளக் கள்ளை ஒரு சொட்டு விடாமல் இழுத்துக்கொண்டு உப்பியது. மேலே வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவினார்கள். அவை போய் ஒட்டிக்கொண்டன.

கடைசியாக முத்திரை. லென்ஸ் அளவுக்கே வட்டமான ஒட்டுத்தாள்: நடுவில் கழுகு, கீழே இரண்டு ராக்கெட், சுற்றிலும் அப்பா வழிப் பெயரும் அம்மா வழிப் பெயரும் சேர்த்து டாக்டர் ரொக்கபாதோவின் முழுப் பெயர். அதை ஒவ்வொரு கண்ணாடியிலும் வலது லென்ஸின் மேல் ஒட்டிக்கொண்டே வந்தார் டாக்டர். நான் டூபாவோடு மேடைக்கு ஓடினேன்.

“டாக்டர், என் பொண்ணுக்கு வலது கண்ணுலதான் பார்வை. அவளுக்கு மட்டும் இடது பக்கம் ஒட்டுங்களேன்.”

“இடது பக்கம் ஒட்டினா நாளைக்குப் பத்திரிகைல என்ன எழுதுவான் தெரியுமா? சங்கம் இடது பக்கம் சாஞ்சிடுச்சும்பான்.”

“அப்ப நடுவுல?”

“நடுவுல மூக்கு இருக்கு.”

“கொஞ்சம் சின்னதா வெட்டியாவது...”

“எங்க வெட்டுவே, டூபா? எங்கப்பா பேரையா, எங்கம்மா பேரையா?”

வெட்டுவதற்கு எனக்கு எந்த இடமும் தெரியவில்லை. யாமிலே வந்து அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, “பரவால்லப்பா, போங்க,” என்றாள். மூக்கைச் சுளித்தாள். கள் நாற்றம்.

முதல் செட்டில் அவள் அதை மாட்டிக்கொண்டு ஆடினாள். ஆடினாள் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. பார்வை உள்ள கண்ணுக்கு முன்னால் கழுகு உட்கார்ந்திருந்தது. பார்வை இல்லாத கண்ணுக்கு முன்னால் லென்ஸ் பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் சத்தம் வந்த திசையில் ராக்கெட்டை வீசினாள். ஸ்பாஞ்சிலிருந்து சிச்சா கன்னத்தில் வழிந்தது. பின்சுவர் கண்ணாடியால் ஆனது, அதனால் ஊர் முழுக்க அதைப் பார்த்தது. எதிராளிப் பெண் நல்லவள். வெட்கப்பட்டுக்கொண்டே புள்ளி எடுத்தாள்.

“கண்ணுக்கு ஒண்ணும் ஆகல பாத்தியா,” என்றார் டாக்டர், பக்கத்தில் இருந்தவரிடம். அது உண்மைதான். அந்தக் கண் அவ்வளவு பத்திரமாக அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

இரண்டாவது செட் ஆரம்பிக்கும்போது யாமிலே கண்ணாடியைப் பிடித்து மேலே தள்ளினாள். அது சுரங்கத் தொழிலாளியின் விளக்கு மாதிரி நெற்றியில் போய் உட்கார்ந்தது. அங்கே அது கச்சிதமாகப் பொருந்தியது. என் வாயிலிருந்து டூபாவின் ஊதுமுனை நழுவியது.

நடுவர் செவேரோ ஆட்டத்தை நிறுத்தினார். எனக்கு உயிர் வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, சத்தமாகப் படித்தார்: “ஆடுபவர் சங்கத்தின் கண்ணாடியை, முத்திரை தெளிவாகத் தெரியும்படி, தலையில் அணிந்திருக்க வேண்டும்.” நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தார். முத்திரை தெளிவாகத் தெரிந்தது. “ஆடலாம்,” என்றார்.

நான் அவரிடம் போனேன். “ஐயா, கண்ணு தொறந்து கெடக்கு.”

“கண்ணாடி இருக்கா? இருக்கு. முத்திரை இருக்கா? இருக்கு. கண்ணைப் பத்தி விதில ஒரு வார்த்தை கெடையாது. இருந்தா காட்டு.”

டாக்டரிடம் போனேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. “முன்னாடி அவ திரும்பினாத்தான் என் பேர் தெரிஞ்சுது. இப்ப எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் தெரியுது. மத்தவங்களையும் இப்படியே போடச் சொல்லணும்.”

அதற்குள் யாமிலே ஆட ஆரம்பித்துவிட்டாள்.

நான் அவளை அப்படிப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. பந்து சுவரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவள் அது வரப்போகிற இடத்தில் நின்றாள். மூலையில் தரையோடு தரையாகச் செத்து விழும்படி அடித்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் டாக்டர் தன் பெயருக்குக் கை தட்டினார், ஊர் அவளுக்குக் கை தட்டியது, மாஸ்டர் தியானாவுக்குக் குச்சியை உயர்த்தினார். அந்த செட் அவளுடையது. மூன்றாவதிலும் அவள்தான் முன்னால். ஒவ்வொரு தடவை பந்து பின்சுவரில் மோதித் திரும்பும்போதும் அவள் முகம் அதை நோக்கித் திரும்பியது. மூடாத முகம். ஒரு கண்.

எர்மினியா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் கையில் முட்டை உடைத்து ஊற்றாத தட்டு. “ஜெயிச்சிடுவா போல இருக்குங்க,” என்றாள். அவள் குரலில் சந்தோஷம் துளியும் இல்லை.

களத்தின் வாசலுக்குப் போய்க் கண்ணாடிச் சுவரைத் தட்டினேன். “யாமிலே, கீழ எறக்குமா.”

அவள் திரும்பாமலே சொன்னாள். “எறக்கினா தெரியாதுப்பா.”

“மூஞ்சைத் திருப்பிக்கவாவது செய்.”

“திருப்பினா அடிக்க முடியாது. போங்கப்பா, ப்ளீஸ்.”

நான் என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதிராளிப் பெண் பின்னாலிருந்து ஓங்கி அடிக்க ராக்கெட்டைத் தூக்கினாள், யாமிலே பந்தைப் பார்க்கத் திரும்பினாள், நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என்னில் பாதிதான் போனது. டூபாவைக் கழற்றவில்லை. களத்தின் கதவு குட்டையானது, டூபா குட்டையானதில்லை. தலையும் ஒரு தோளும் டூபாவின் வாயும் உள்ளே, மிச்சம் வெளியே என்று சிக்கிக்கொண்டேன். பந்து வந்து டூபாவின் விளிம்பில் அடித்தது. நான் ஊதாமலே அது பூம் என்றது. பித்தளையில் முட்டை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது.

என்னை வெளியே இழுக்க மூன்று பேர் வந்தார்கள். அதற்குள் நடுவர் செவேரோ சரியான பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆடுபவரின் உறவினர் ஆட்டத்தைத் தடுத்தால் ஆடுபவர் தோற்றதாகக் கொள்ளப்படும். இந்த விதியில் எந்தக் குழப்பமும் இல்லை. உறவினர் என்றால் யார் என்று கூட விளக்கியிருந்தது. தந்தை முதல் ஆளாக இருந்தார்.

டாக்டர் ரொக்கபாதோ மறுபடி மைக்கைப் பிடித்தார். “இன்னைக்கு இவ்வளவு கடுமையான ஆட்டம் நடந்துது. ஒரு கண்ணுக்காவது காயம் உண்டா? கெடையாது. திட்டம் முழு வெற்றி.” கண்ணாடிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அடுத்த வருஷ விழாவுக்கு வேண்டும் என்று. அப்புறம் தியானா. பெர்மின் மாஸ்டர் என்னைப் பார்க்காமலே குச்சியை அசைத்தார். டூபா இல்லாமல் வாசித்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டுக்கு மூவரும் நடந்தே வந்தோம்.

“அந்தப் பந்து என் மேல பட்டிருக்காது,” என்றாள் யாமிலே.

“எப்படிம்மா தெரியும்?”

“பாத்துட்டுத்தானே இருந்தேன்.”

எர்மினியா அவள் முடியில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். நான் பள்ளம் விழுந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நடந்தேன்.

விபத்துக்குப் பிறகு யாமிலே சாப்பாட்டு மேசையில் எங்கள் இரண்டு பேரையும் வலது பக்கம் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அன்று ராத்திரி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் எதிர்முனைக்குப் போய் உட்கார்ந்தாள். அம்மா வலது பக்கம், நான் இடது பக்கம். அவள் சில்பாஞ்சோவைக் காரச் சட்னி இல்லாமல் ஒரு நாளும் தொட மாட்டாள், கிண்ணம் என் அருகில் இருந்தது. எடுத்து அவள் பக்கமாக நீட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை. இந்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொல்லாமல் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தேன்.